லைன்மேனுக்கு மெடிக்கல் லீவு

எங்க வீட்டு ஃபேன் சுவிட்ச கொஞ்ச நாள் நான் தோசைக் கரண்டியோட மரப்பிடியால தட்டித்தான் போட்டேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க. ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்குற லைன்மேன் நான். ஆத்தூர்ப் பக்கம் எந்தத் தோட்டத்துல எந்தப் போஸ்ட் சாஞ்சிருக்கு, எந்த டிரான்ஸ்பார்மர்ல எண்ணெய் ஒழுகுதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அப்படிப்பட்டவன், பொண்டாட்டி கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போன நேரமாப் பாத்து, நொண்டிக்கிட்டே அடுப்படிக்குப் போயி கரண்டிய எடுத்துட்டு வந்து, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு ஒரு தட்டு தட்டுவேன். ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும் நெஞ்சு படக்குபடக்குன்னு அடிக்கும். தூ, இவனெல்லாம் ஒரு ஆம்பளையான்னு எனக்கே என் மேல காறித் துப்பலாம்போல இருக்கும்.

நடந்தது இதுதான். ஆத்தூருக்குப் பக்கத்துல ஒரு தோப்புல தென்னமட்டை விழுந்து கம்பி அறுந்துபோச்சு. கம்பியில கை வைக்கிறதுக்கு முன்னால டிரான்ஸ்பார்மருக்குக் கீழ இருக்குற பெட்டியத் தெறந்து பியூஸ் மூணையும் கழட்டணும். கழட்டி அங்கனயே வச்சுட்டுப் போகக் கூடாது. தோள்ல மாட்டுற பையில போட்டுக் கூடவே கொண்டுக்கிட்டுப் போஸ்ட்டுல ஏறணும். பியூஸ் நம்ம பையில இருந்தா வேற எவனும் கரண்டு குடுக்க முடியாது. எங்களுக்கு அதுதான் காப்பு.

அன்னைக்கும் பை என் தோள்லதான் தொங்குச்சு. கம்பிய இழுத்துக் கட்டியாச்சு. தப்பித் தவறி கரண்டு வந்தாலும் மண்ணுக்குள்ள எறங்கிரட்டும்னு எர்த்துக்குப் போட்டிருந்த சங்கிலியையும் கழட்டியாச்சு. எறங்க வேண்டியதுதான் பாக்கி. கட்டுக்கம்பியோட நுனி துருத்திக்கிட்டு நிக்கிதேன்னு அத மடக்கக் கைய நீட்டுனேன். அம்புட்டுதான் எனக்குத் தெரியும்.

கீழ என்ன நடந்துச்சுன்னு பின்னால சொன்னாங்க. தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணன் சின்ன வெங்காயம் போட்டிருந்தாரு. தண்ணி இல்லாம பயிரு தலையத் தொங்கப்போட்டுக் கெடந்துருக்கு. அந்நேரம் பாத்து அடுத்த தோட்டத்து மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுருக்கு. அது வேற டிரான்ஸ்பார்மர். மனுசனுக்கு அவசரத்துல அது தோணல. ஆகா, கரண்டு வந்துருச்சுன்னு ஓடிவந்து பெட்டியத் தெறந்து பாத்தா பியூஸக் காணோம். எங்க பக்கம் செம்புக்காக பியூஸக் கழட்டிக்கிட்டு ஓடுற களவாணிப் பயலுக உண்டு. அதேதான்னு நெனச்சு, பம்புசெட் ரூம்ல கெடந்த வயர முறுக்கி அவரே சொருகிட்டாரு. வெள்ளாமை பாக்குற சம்சாரிகளுக்கு இது கைவந்த வேலை. நாங்க வந்து சேருறதுக்குள்ள பயிரு காஞ்சுரும்னு அவங்களே செஞ்சுக்கிருவாங்க. நாங்களும் பாத்தும் பாக்காத மாதிரிப் போயிருவோம். என் வண்டி தோப்புக்குள்ள நெழல்ல நின்னதால அவரு கண்ணுல படல.

பெல்ட்டு மட்டும் இல்லேன்னா அன்னைக்கே எனக்குச் சங்கு ஊதியிருப்பாங்க. தலைகீழாத் தொங்குனேன். வலது உள்ளங்கை வெந்துபோச்சு. குறுக்குச் சட்டத்துல மாட்டிக்கிட்ட காலு முறிஞ்சுபோச்சு. போஸ்ட்டடியில கயிறு சுத்திக்கிட்டு இருந்த வயர்மேன் போட்ட கூச்சல்ல தோட்டத்து ஆளுக எல்லாம் ஓடி வந்து என்னைய எறக்கி, வெங்காய மூட்டை ஏத்துற வண்டியில போட்டுத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனாங்க. வழி நெடுக என் தலைய மடியில வச்சுக்கிட்டு வந்தது அந்த வெங்காயக்கார அண்ணன்தான். "கண்ண மூடாத தம்பி, மூடாத அப்பு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. வயரச் சொருகுனது அவருதான்னு அப்ப எனக்குத் தெரியாது.

அவரே வந்து சொன்னாரு. ஆஸ்பத்திரியில ஒரு சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னாரு. உக்காருங்கண்ணேன்னா உக்காரல. துண்ட எடுத்து வாயில வச்சுக்கிட்டு, "நான்தான் தம்பி சொருகுனேன். நானேதான்"னாரு. தெரியாம செஞ்சதுதானே அண்ணே, விடுங்கன்னேன். மனசாரத்தான் சொன்னேன். ஆபீஸ்லயிருந்து வந்து யாரு என்னன்னு விசாரிச்சப்பவும், அந்த மனுசன் மேல புகாரெல்லாம் வேணாம்னுட்டேன். இன்னைக்கும் அவரு மேல எனக்குக் கோவம் கெடையாது. இத மொதல்லயே சொல்லிப்புடுறேன், ஏன்னா பின்னால நடந்தத வச்சு வேற மாதிரி நெனச்சுரக் கூடாது.

அப்புறம் வீடு. மெடிக்கல் லீவுன்னா என்னன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. காய்ச்சல்ல கூட ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டுப் போஸ்ட் ஏறுன ஆளு நான். இப்ப சட்டைப் பித்தான் போட்டுவிட ஒரு ஆளு, சோத்தப் பெசஞ்சு ஊட்ட ஒரு ஆளு. எல்லாம் எம் பொண்டாட்டிதான். வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிறவ. தையலப் பாதியில விட்டுட்டு வந்து எனக்கு முதுகு தேச்சுக் குளிப்பாட்டுவா. நான் சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். தண்ணி சூடா இருக்குன்னு கத்துவேன், ஆறிப்போச்சுன்னு கத்துவேன். "கத்துங்க, கத்துங்க, வாயி மட்டும் நல்லாத்தான் இருக்கு"ம்பா.

பாக்க வந்தவங்க பிரெட்டும் ஆரஞ்சுப்பழமும் கொண்டுவந்து வச்சுட்டு, அம்புட்டுப் பேரும் அதே கேள்வியக் கேட்டாங்க. எப்படி அண்ணே ஆச்சு? நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதையே சொன்னேன். எதிர்வீட்டுக்காரர், "நல்லா ரெஸ்ட் எடுங்க, உக்காந்த எடத்துல சம்பளம், யாருக்குக் கெடைக்கும்?"னு சிரிச்சாரு. வாயில வந்தத முழுங்கிக்கிட்டேன். அவர மட்டும் சொல்லி என்ன செய்ய?

வெங்காயக்கார அண்ணன் வாரா வாரம் வந்துருவாரு. பஸ் ஏறி, பஸ் மாறி, கையில ஒரு பையோட. "வெஞ்சனத்துக்கு ஆகும் தாயி"ன்னு முருங்கைக்காயோ வெண்டைக்காயோ எம் பொண்டாட்டி கையில குடுப்பாரு. உள்ள வாங்கன்னா வர மாட்டாரு. வாசப்படிக்கு அங்கிட்டே நின்னுக்கிட்டு என்னைய எட்டிப் பாப்பாரு. "கையி எப்படி இருக்கு தம்பி? மடக்க வருதா?" நான் மடக்கிக் காட்டுவேன். ஆறுதல் ஆகிக் காப்பியக் குடிச்சுட்டுப் போவாரு. கையி மடங்குது, மனசுதான் மடங்கிப்போச்சுன்னு அவருகிட்ட எப்படிச் சொல்ல?

மடங்கிப்போனது எனக்கே எப்பத் தெரிஞ்சதுன்னா, ஒரு நாள் எங்க தெருவுல கரண்டு போச்சு. பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல நின்னு, "லைன்மேன் வீட்டுலயும் இருட்டுதானா?"ன்னு கேலி பண்ணுச்சு. நான்தான் ஆபீஸுக்குப் போன் போட்டேன். கூட வேலை பாக்குற பசங்க வந்தாங்க. "அண்ணே, எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டுக்கிட்டே ஒருத்தன் எங்க வீட்டு வாசல் போஸ்ட்டுல விறுவிறுன்னு ஏறுனான். அவன் கைய எடுத்துக் கம்பிகிட்டக் கொண்டுபோனான். எனக்கு உள்ளங்காலு வேர்த்துருச்சு. விறுவிறுன்னு நொண்டிக்கிட்டே பாத்ரூமுக்குள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். தெருவே வாசல்ல நிக்கிது, நான் மட்டும் உள்ள வாளி மேல உக்காந்திருக்கேன். லைட்டு வந்து எல்லாரும் "ஏய்ய்ய்"ன்னு கத்துறது கேட்டப்புறம்தான் வெளிய வந்தேன்.

அதுக்கப்புறம்தான் இந்தக் கரண்டி வேலை. செல்போன் சார்ஜர நான் சொருகவே மாட்டேன். "ஏம்மா, இதச் சொருகு"ம்பேன். அவளும் கை வலின்னு நெனச்சுச் செஞ்சுக்கிட்டு இருந்தா. ஒரு நாளு, "தோசைக் கரண்டி ஏன் ஹால்ல கெடக்கு?"ன்னா. முதுகு சொறிஞ்சேன்னேன். "ஐயய்ய, அதுலயா நாளைக்கு உங்களுக்குத் தோசை ஊத்துறது?"ன்னு சிரிச்சவ, சிரிச்சுக்கிட்டே நிமிந்து சுவிட்சப் பாத்தா. என்னையப் பாத்தா. சிரிப்பு நின்னுபோச்சு. மறுநாள்லயிருந்து நான் ஹாலுக்கு வாரதுக்கு முன்னாலயே அவளே ஃபேனப் போட்டு வச்சிருவா. பத்துப் பேருக்கு முன்னால என்னையப் போட்டுத் திட்டியிருந்தாக்கூட அம்புட்டு அசிங்கமா இருந்திருக்காது.

டாக்டரு எலும்பு கூடிருச்சுன்னாரு. இல்ல சார், குத்துதுன்னேன். அமுக்கிப் பாத்தாரு. இங்கயா? ஆமா. இங்க? அங்கயும்தான் சார். அவரு என் மூஞ்சிய செத்த நேரம் பாத்துட்டு லீவ நீட்டிக் குடுத்தாரு. அடுத்த தடவையும் குடுத்தாரு. அதுக்கடுத்த தடவை, "இனி நடந்தாத்தான் சரியாகும். வேலைக்குப் போங்க"ன்னுட்டாரு. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒரு டீயக் குடிச்சேன். பரீட்சைக்கு உடம்பு சரியில்லன்னு பொய் சொன்ன பிள்ளைய வாத்தியாரு கண்டுபிடிச்சா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. இந்த வயசுல.

வேலையில சேர்ந்த அன்னைக்கு ஆபீஸ்ல டீயும் வடையும் வாங்கி வச்சிருந்தாங்க. கட்டிப்பிடிச்சாங்க. எங்க இன்ஜினியர் சின்ன வயசுப் பொண்ணு, நல்ல மாதிரி. "அண்ணே, கொஞ்ச நாளைக்கு நீங்க போஸ்ட்டெல்லாம் ஏற வேணாம். ஆபீஸ்ல போன மட்டும் பாத்துக்கங்க"ன்னாங்க. என்ன மேடம், என்னைய மூலையில உக்கார வைக்கிறீகளான்னு மொறப்பாக் கேட்டேன். அது நடிப்பு. உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. அந்த அப்பாடாவ நெனச்சா இன்னைக்கும் எனக்குக் கூசுது.

போன எடுத்தா, "கரண்டு எப்ப வரும்?" அதான் கேள்வி. என் கொரலக் கண்டுபிடிச்சிருவாங்க. "அட, நம்ம லைன்மேனா? நல்லாருக்கீகளா? எப்ப நம்ம பக்கம் வாரீக? புதுப் பயலுக்கு வழியே தெரியல." வாரேன், வாரேன்னு சொல்லி வைப்பேன். போன் வயர்ல ஆளு சாகுற அளவுக்குக் கரண்டெல்லாம் கெடையாது, அதனால அந்தப் போன் மேல எனக்குப் பயம் இல்ல. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கிட்டு ஒரு மனுசன் உக்காந்திருந்தான்.

ஆடிக் காத்து வந்துச்சு. எங்க பக்கத்து ஆடிக் காத்து தெரியாதவங்களுக்கு என்ன சொல்ல, குடிச்சுட்டு வந்தவன் மாதிரி கண்டதையும் புடிச்சுத் தள்ளும். ஒரு நாளு காலையில ஏகப்பட்ட எடத்துல மரம் சாஞ்சு, ஏறத் தெரிஞ்ச ஆளுக எல்லாம் ஆளுக்கொரு தெசையில போயிட்டாங்க. மேடம் என் மேசைகிட்ட வந்து நின்னாங்க. "அண்ணே, ஆத்தூர்ப் பக்கம் ஒரே ஒரு எடம். வயர்மேன் அங்க இருக்காரு, ஆனா அவரால ஏற முடியாது. உங்களால முடியுமா? முடியலேன்னா சொல்லிருங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்." முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சுத்தி யாரும் இல்ல. அந்தம்மா தப்பா நெனச்சிருக்க மாட்டாங்க. அன்னைக்கு முடியாதுன்னா இனி எப்பவும் போன்தான், கடைசி வரைக்கும் போன்தான்னு எனக்குத் தெரியும். முடியும் மேடம்னு என் வாய் சொல்லிருச்சு. வாய்க்கென்ன.

பெல்ட்டும் ஷூவும் வீட்டுல கெடந்துச்சு. எடுக்கப் போனேன். ஷூவுக்குக் கயிறு கட்டுறேன், கட்டுறேன், முடிச்சு விழவே மாட்டேங்குது. தையல் மிஷின் சத்தம் நின்னுச்சு. அவ வந்து குனிஞ்சு கட்டிவிட்டா. "எங்க?"ன்னா. ஆத்தூருன்னேன். "எதுக்குப் பயப்படுறீங்க, ஏறுறதுக்கா, இல்ல கீழ யாராச்சும் பியூஸப் போட்டுருவாங்கன்னா?"ன்னு கேட்டா. ஒரு மனுசிகிட்ட எத்தனை வருசம் குடும்பம் நடத்துனாலும் இப்படி ஒரு கேள்வி வரும்னு எதிர்பாக்க முடியாது. ரெண்டாவதுதான்னேன். "அப்ப நான் வாரேன். நான் அங்க உக்காந்துக்கிறேன்."

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஊரே சிரிக்கும்டி."

"சிரிச்சா சிரிக்கட்டும். வண்டிய எடுங்க"ன்னு குடையத் தூக்கிக்கிட்டு வந்து பின்னால ஏறிட்டா.

எறக்கி விட்டிருக்கணும். விடல. வழியெல்லாம் அவ கை என் தோள்ல இருந்துச்சு. அது இருக்கப் போய்த்தான் வண்டி நேராப் போச்சுன்னு சொன்னா அது பொய் இல்ல.

அதே டிரான்ஸ்பார்மர். பெட்டியத் தெறந்து கையுறையோட ஒவ்வொரு பியூஸா கழட்டுனேன். கழட்டிப் பையில போட்டேன். "எவன் வந்தாலும் கிட்ட விடாத. எமனே வந்தாலும் விடாத"ன்னேன். அவ குடைய மடக்கி மடியில வச்சுக்கிட்டு ஒரு கல்லு மேல உக்காந்தா. காத்துல குடைய விரிக்க முடியல. நான் போஸ்ட்டடிக்குப் போனேன். தோட்டத்து நடுவுல நிக்கிற போஸ்ட்டு. மேல ஏறுனா டிரான்ஸ்பார்மர் நல்லாத் தெரியும். வயர்மேன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பாத்தாரு. பாத்துட்டுக் கயித்த எடுத்துக் குடுத்தாரு.

பாதி ஏறுறப்பவே மல்லிகைத் தோட்டத்துலயிருந்து பூப்பறிச்சுட்டு வந்த பொம்பளைக பாத்துட்டாங்க. "ஏன் லைன்மேனு, வீட்டுக்காரம்மாவுக்கும் வேலை போட்டுக் குடுத்துட்டாகளா?"ன்னு ஒருத்தி. "டிரான்ஸ்பார்மர யாரும் இடுப்புல தூக்கி வச்சுட்டுப் போயிருவோம்னு காவலா ஆத்தா?"ன்னு இன்னொருத்தி. கொல்லுன்னு சிரிச்சாங்க. எம் பொண்டாட்டி, "ஆமா ஆத்தா, உன் இடுப்பப் பாத்துட்டுத்தான் காவலுக்கு வந்தேன்"னு திருப்பிக் குடுத்தா. எனக்குக் காது மடலெல்லாம் எரிஞ்சுச்சு. எறங்கவும் முடியாது. ஏறுனேன். உச்சிக்குப் போயி பெல்ட்ட மாட்டி, சங்கிலிய எர்த்துக்குப் போட்டுட்டு, டிரான்ஸ்பார்மரத் திரும்பிப் பாத்தேன்.

வரப்புல ஒரு ஆளு ஓடிவந்தாரு. வெங்காயக்கார அண்ணன். நான் வந்திருக்கேன்னு யாரோ சொல்லியிருக்காங்க, என்னையப் பாக்க சந்தோசமா ஓடி வாராரு. டிரான்ஸ்பார்மர் வழியாத்தான் வரப்பு வருது. எம் பொண்டாட்டி எந்திரிச்சு நின்னா. இத்தனை நாளும் அவருக்குக் காப்பி போட்டுக் குடுத்தவ. "அண்ணே, அங்கனயே நில்லுங்க. கிட்ட வராதீங்க"ன்னு கைய நீட்டிட்டா. நான் சொன்னத அப்படியே செஞ்சா, அவ மேல என்ன தப்பு?

அவரு நின்னுட்டாரு. அவளப் பாத்தாரு. பெட்டியப் பாத்தாரு. நிமிந்து என்னையப் பாத்தாரு. எதுக்காக அவ அங்க உக்காந்திருக்கான்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

வந்த வழியே திரும்பி நடந்து, அறுப்பு முடிஞ்சு வெறுமனே கெடந்த வெங்காயக் காட்டுக்கு நடுவுல போயி நின்னாரு. என்னையப் பாக்கத் திரும்பி, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குனாரு. "தம்பி! என் கை ரெண்டும் இந்தா இருக்கு! பாத்துக்கிட்டே வேலையப் பாரு அப்பு!"ன்னு காத்துக்குள்ள கத்துனாரு. பூக்காரப் பொம்பளைக சிரிப்ப நிறுத்திட்டாங்க.

கைய எறக்குங்க அண்ணேன்னு அங்கனயிருந்தே ஒரு சத்தம் போட்டிருக்கணும். ஒரு வார்த்தை. என்னையவிட வயசுல மூத்த மனுசன், என் தலைய மடியில வச்சுக் கொண்டுபோன மனுசன், சொந்தக் காட்டுல போலீஸ் புடிச்ச திருடனாட்டம் கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. வாய் வரல. வராதது மட்டும் இல்ல, கையப் பாத்ததும் எனக்குத் தெம்பு வந்துச்சு. அதுதான் உண்மை. கம்பியப் புடிச்சேன். ஒரு சுத்து சுத்துவேன், திரும்பி அந்தக் கைகளப் பாப்பேன். இன்னொரு சுத்து, மறுபடி பாப்பேன். காத்து அவரு தோள்ல கெடந்த துண்ட உருவிட்டுப் போச்சு. வேலிய நோக்கி அது உருண்டு போகுது, அத எடுக்கக்கூட அவரு கைய எறக்கல. நான் பாத்தேன். பாத்துட்டு அடுத்த சுத்துச் சுத்துனேன்.

வேலை முடிஞ்சு, சங்கிலியக் கழட்டிட்டு எறங்கி நடந்து வந்து, பெட்டியில பியூஸ் மூணையும் மாட்டுனேன். சுவிட்சு போட்டபடியே கெடந்த அவரு பம்புசெட்டு தானா ஓட ஆரம்பிச்சுச்சு. அப்பவும் அவரு அப்படியேதான் நின்னாரு.

"முடிஞ்சுச்சா தம்பி? எறக்கிரவா?"ன்னு கேட்டாரு.

தலைய ஆட்டுனேன். எறக்கப் பாத்தாரு, தோளு இறுகிப்போயி கை சட்டுன்னு எறங்க மாட்டேங்குது. எம் பொண்டாட்டி ஓடிப்போயி, "அண்ணே, அண்ணே"ன்னு அவரு முழங்கையப் புடிச்சு மெல்ல மெல்ல எறக்கிவிட்டா. நான் போகல. பெட்டிக் கதவ மூடுறவனாட்டம் அங்கிட்டே திரும்பி நின்னுக்கிட்டேன்.